அமோன் அமார்த் – ட்விலைட் ஆஃப் த தண்டர் காட்: பி ட்யூனிங்கில் தந்தி தொளதொளவென்று இருக்கிறது, இரட்டை கிதாரும் ஒட்டவில்லை

மேலைக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்வீடன் மெட்டல் குழுவான அமோன் அமார்த்தின் ஏழாவது ஆல்பமான ட்விலைட் ஆஃப் த தண்டர் காட்டின் (2008) தலைப்புப் பாட்டை முழுதாக வாசித்து வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். இரண்டு கிதார் பகுதிகளையும் ஒரே ஆள்தான் வாசிப்பது. கிதார் 25.5 அங்குல ஸ்கேல், ஆறு தந்தி, அசையாத பிரிட்ஜ், 10-46 செட் (தந்தித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). பதிவுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஆம்ப் மென்பொருள்.

சிக்கல்கள் இவை. பி ஸ்டாண்டர்டுக்கு இறக்கினால் ஆறாம் தந்தி ரப்பர் மாதிரி ஆடுகிறது. பலமாக அடித்தால் சுருதி மேலே போய்த் திரும்பி வருகிறது. தொடக்கத்து ட்ரெமோலோ (ஒரே சுரத்தை விடாமல் வேகமாக அடிப்பது) மெட்டுக்கு இரண்டாவது கிதாரைச் சேர்த்தால் சில சுரங்கள் இனிக்கின்றன, சில கரகரக்கின்றன. கெயினைக் (ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) கூட்டக் கூட்டக் கனம் கூடவில்லை, சேறாகிறது. குரலுக்கு எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள். வரிகளில் வரும் புராணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவும் ஆசை.

நாண்முறுக்கு பதில்:

கிதாரில் குறை இல்லை. தந்தியின் தடிமன்தான் போதவில்லை.

கணக்கு எளிது. வழக்கமான ஈ ஸ்டாண்டர்டிலிருந்து பி-க்கு வரும்போது ஒவ்வொரு தந்தியும் ஐந்து அரைச்சுரம் இறங்குகிறது. ஆறாம் தந்தி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 61.7-க்கு வருகிறது, ஏறக்குறைய முக்கால் பங்கு. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகும், ஆகவே முக்காலை முக்காலால் பெருக்குங்கள்: 0.56. ஈ-யில் சுமார் 8 கிலோ இழுவிசையில் நின்ற 46 தந்தி, பி-யில் நாலரை கிலோவுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு தளர்ந்த தந்தி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் மோதும். பிக் பட்ட கணத்தில் தந்தி கூடுதலாக இழுபடுவதால் சுருதி எகிறும், ஆட்டம் குறையக் குறைய இறங்கும். ட்யூனர் முள் வலப்பக்கம் தாவித் திரும்புவது அதனால்தான்.

பழைய இறுக்கமே வேண்டுமென்றால் தடிமனை மூன்றில் நான்கு மடங்காக்குங்கள். 10 × 4/3 = 13.3, 46 × 4/3 = 61.3. அதாவது 13-62 செட். பாரிடோன் செட் என்று இந்த அளவில் கிடைக்கும். கை கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் 12-60 போதும். 12-56 பி-க்குக் கொஞ்சம் தளர்வுதான், பாம் மியூட்டில், அதாவது உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி அடிக்கும்போது, தெரியும். ஸ்கேல் 24.75 அங்குலமாக இருந்தால் இதே தந்தியில் இழுவிசை இன்னும் 6 விழுக்காடு குறையும், அதற்கேற்ப ஆறாவதை 64-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

13-62 போட்டால் மொத்த இழுவிசை பழைய 10-46 ஸ்டாண்டர்டில் இருந்த அளவுக்குத்தான் வரும். கழுத்து வளைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மாற்றிய பிறகு இந்த வரிசையை விடாதீர்கள்:

முதலில் கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, ஏழு எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும்.

அடுத்து தந்தி உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாவதுக்கு 2 மில்லிமீட்டர், முதலாவதுக்கு 1.5 என்று தொடங்குங்கள். ஸ்டாண்டர்டில் வைத்திருந்த தாழ்ந்த அமைப்பு இங்கே எடுபடாது.

கடைசியில்தான் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக நிற்பது. 12-ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னால் தள்ள வேண்டும். தடித்த தந்திகளுக்கு எப்போதும் பின்னால்தான் போகும். உயரம் மாறினால் இன்டொனேஷனும் மாறும், அதனால் வரிசையைத் தலைகீழாக்கினால் இரட்டை வேலை.

இன்னொன்று. ட்யூன் செய்யும்போது மெல்ல வருடி முள்ளைப் பார்க்காதீர்கள். பாட்டில் எவ்வளவு பலத்தோடு அடிப்பீர்களோ அதே பலத்தில் அடித்து, தொடக்க ஒலி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வேகமான பாட்டில் காதில் விழுவது அந்தத் தொடக்கம்தான். அடங்கிய நிலையை யாரும் கேட்கப் போவதில்லை.

ஒற்றைச்சுரம் பதில்:

தந்தி மாற்றாமல், சுருதியை இறக்கும் பெடலோ மென்பொருளோ போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு அரைச்சுரம் வரை நன்றாகவே இருக்கும். ஐந்து என்றால் பிக் படும் கூர்மை மழுங்கும், பவர் கார்டின் (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தது) அடிப்பகுதி குழறும், தாமதமும் சேரும். வேகமான ட்ரெமோலோவில் கூர்மை போனால் சுரமே போன மாதிரி. சத்தம் குறைத்து வாசித்தால் ஸ்டாண்டர்டில் அதிரும் தந்தியின் நேரடி ஒலியும் பெடலின் பி-யும் சேர்ந்து காதைக் குழப்பும். பாட்டைக் கற்றுக்கொள்ள மட்டும் சரி, பதிவுக்கு வேண்டாம்.

மேலைக்காற்று:

நன்றி நாண்முறுக்கு. 13-62 போட்டாயிற்று. இறுக்கம் அப்படியே திரும்பிவிட்டது. ஆனால் இரண்டு புதுத் தொல்லைகள். மூன்றாம் தந்தியை முறுக்கும்போது தலைப்பக்கம் "டிங்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவுகிறது. ஆறாவதுக்குச் சாடிலைக் கடைசி வரை பின்னால் தள்ளியும் 12-ஆம் ஃப்ரெட் 6 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியே நிற்கிறது.

நாண்முறுக்கு:

டிங் சத்தம் நட்டில், அதாவது தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் காடிகள் உள்ள பட்டையில், வருவது. பழைய மூன்றாம் தந்தி 17, சுற்றில்லாதது. இந்தச் செட்டில் மூன்றாவது பெரும்பாலும் 26, சுற்றுக் கம்பி. 17-க்கு வெட்டிய காடியில் 26 முழுதாக உட்காராது, விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். முறுக்க முறுக்க இழுவிசை நட்டுக்கும் முறுக்காணிக்கும் நடுவே சேர்ந்து, ஒரு கட்டத்தில் படக்கென்று விடுபடும். ஆறாவதிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் வராததால் தெரியவில்லை.

காடியைத் தந்தியைவிட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 2 முதல் 4 பங்கு அகலமாக்குங்கள். 62 தந்திக்கு 64 முதல் 66 அளவுள்ள நட் அரம். அகலம் மட்டும்தான், ஆழத்தைத் தொடாமல் பக்கச் சுவர்களை உரசுங்கள். அரத்தைத் தலைப்பக்கம் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தந்தி நட்டைத் தொடும் கடைசிப் புள்ளி ஃப்ரெட்போர்டு விளிம்பில் விழும். அந்தப் புள்ளி நட்டின் நடுவில் விழுந்தால் திறந்த தந்தி சிதார் மாதிரி ஜிவ்வென்று இரையும்.

ஆழத்தைப் பார்க்க ஒரு வழி: தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். தலைமுடி அளவு, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசும். தவறி ஆழமாகிவிட்டால் காடியில் பேக்கிங் சோடாவை நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, கெட்டியானதும் மறுபடி அராவலாம். தற்காலிகத்துக்கு அது போதும். நிரந்தரத்துக்குப் புது நட்தான். வேலை முடிந்ததும் காடியில் பென்சில் கரியைத் தடவுங்கள்.

சாடிலுக்கு: பின்னால் இருக்கும் சுருள் வில் முழுதாக அழுந்தி வழி மறிக்கிறதா என்று பாருங்கள். வில்லைப் பாதியாக வெட்டலாம், ஆறாவதுக்கு மட்டும் எடுத்தேவிடலாம். தந்தியின் இழுவிசையே சாடிலை இடத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைத்தால் 6 சென்ட் தாராளமாகச் சரியாகிவிடும். அதற்கு முன் நட்டைச் சரிசெய்யுங்கள். நட் உயரமாக இருந்தால் கீழ் ஃப்ரெட்கள் எல்லாமே ஏறித்தான் கேட்கும், அதைச் சாடிலால் திருத்த முடியாது.

இருகுரல் பதில்:

இரண்டாவது கிதார் சில இடத்தில் இனித்துச் சில இடத்தில் கரகரக்கிறது என்றீர்கள். ஒரே வடிவத்தை மூன்று ஃப்ரெட் தள்ளி அப்படியே நகல் எடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மெலோடிக் டெத் மெட்டலில் ஹார்மனி என்றால் பெரும்பாலும் மூன்றாம் சுரம், ஆனால் அது அளவுகோலுக்குள் எண்ணும் மூன்று. அரைச்சுரங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும்.

பி மைனரை எடுத்துக்கொள்வோம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது நடபைரவி: பி, சி ஷார்ப், டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ. பி-க்கு மேல் டி, மூன்று அரைச்சுரம். சி ஷார்ப்புக்கு ஈ, மூன்று. டி-க்கு எஃப் ஷார்ப், நான்கு. ஈ-க்கு ஜி மூன்று, எஃப் ஷார்ப்புக்கு ஏ மூன்று, ஜி-க்கு பி நான்கு, ஏ-க்கு சி ஷார்ப் நான்கு. நீங்கள் டி-க்கும் மூன்றே தள்ளினால் வருவது எஃப். அந்தச் சுரம் அளவுகோலிலேயே இல்லை, அங்கேதான் கரகரப்பு. மெட்டு ஐந்தாம் கார்டில் போய் நின்று வீடு திரும்பும் இடங்களில் ஏ-யை ஏ ஷார்ப் ஆக்குவார்கள், அது கீரவாணி. அங்கே ஹார்மனியும் கூடவே மாற வேண்டும்: எஃப் ஷார்ப்புக்கு மேல் ஏ ஷார்ப், நான்கு. ஒரு கிதார் ஏ, இன்னொன்று ஏ ஷார்ப் என்றால் அந்த ஒரு சுரம் பாட்டையே கெடுத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு வரி சேர்ந்து ஒலிக்கும்போது காது மேலே உள்ளதைத்தான் மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மூல மெட்டுக்கு மேலே மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் கேட்பவர் ஹார்மனியை மெட்டாகப் பிடித்துக்கொள்வார். அதை 2 முதல் 3 டெசிபெல் குறைத்து வையுங்கள், அல்லது ஹார்மனியை மெட்டுக்குக் கீழே போடுங்கள்.

இரண்டு சுரத்தையும் ஒரே கிதாரில் ஒன்றாக அழுத்தி வாசித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரம் ஒன்றாகப் போனால் அவற்றின் கூடுதலும் வித்தியாசமும் புதுச் சுரங்களாகப் பிறக்கும். 246.9 ஹெர்ட்ஸ் பி-யும் 293.7 டி-யும் சேர்ந்து 47 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு உறுமலைக் கிளப்பும், அது அந்த இரண்டு சுரத்தோடும் சேராது. பவர் கார்டில் இந்த வித்தியாசச் சுரம் அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே விழுவதால் கனமாகக் கேட்கிறது. மூன்றாம் சுரத்தில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஒல்லாவி மிக்கோனென், யோஹான் சோடர்பெரி என்று இரண்டு கிதார்காரர்கள் இந்த இசைக்குத் தேவைப்படுவதன் காரணமே இதுதான். ஒவ்வொரு வரிக்கும் தனி கிதார், தனி ஆம்ப், தனிப் பதிவு.

ட்ரெமோலோவைப் பற்றி. 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 தட்டு) பதினாறாம் சுரங்கள், தட்டுக்கு நான்கு, என்றால் நொடிக்கு 12 அடி. அந்த வேகத்தில் கை முழங்கையிலிருந்து இறுகினால் பத்து நொடியில் எரிய ஆரம்பிக்கும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். பிக் முனை விரலுக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் தெரிய வேண்டும். 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமன், மெல்லிய பிக் தந்தியில் வளைந்து திரும்புவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். பிக்கைத் தந்திக்கு இணையாக வைக்காமல் 20, 30 பாகை சாய்த்தால் சறுக்கிக் கடக்கும். மூல வேகத்தின் 60 விழுக்காட்டில் தொடங்கி, நான்கு முறை பிசகாமல் வந்தால் 4 பிபிஎம் ஏற்றுங்கள், பிசகினால் 8 இறக்குங்கள்.

அப்புறம், வெறுமனே வேகமாக உதறுவது ட்ரெமோலோ ஆகாது. ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை அடி என்று எண்ணி, சுரம் மாறும் இடத்தில் எப்போதும் கீழ்நோக்கிய அடி விழும்படி பழகுங்கள். இரண்டு கிதாரும் ஒட்டுவதும் ஒட்டாததும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது. இடக்கை மாற்றம் வலக்கை அடிக்கு ஒரு நூலிழை பிந்தினால்கூட இரட்டைப் பதிவில் பொரிச்சத்தம் மாதிரி கேட்கும்.

கருங்கழுகு பதில்:

ஸ்வீடன் டெத் மெட்டல் ஒலி என்றால் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல்தான். எல்லாத் திருகையும் முழுதாக வலப்பக்கம் திருப்பிவிடுங்கள், வேலை முடிந்தது.

அலைநீளம் பதில்:

கருங்கழுகு, அது ஸ்டாக்ஹோம் ஒலி. சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ட் குழு பதிவு செய்த காலத்து இரம்ப ஒலி. அமோன் அமார்த்தும் ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே தும்பாவிலிருந்து வந்தவர்கள்தான், என்டூம்ட் பாடகர் எல். ஜி. பெட்ரோவ் இந்த ஆல்பத்தில் கார்டியன்ஸ் ஆஃப் ஆஸ்கார்ட் பாட்டில் விருந்தினராகப் பாடியும் இருக்கிறார். ஆனால் கிதார் ஒலி வேறு. யென்ஸ் போக்ரென் ஓரெப்ரோவின் ஃபேஸினேஷன் ஸ்ட்ரீட் ஸ்டுடியோவில் தயாரித்த இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரியும். எச்எம்-2 முழுவதுமாகத் திருப்பினால் ட்ரெமோலோ மெட்டு இரைச்சலுக்குள் புதைந்துவிடும். அந்தப் பெடலின் அழகு வேறு வகை ரிஃப்களுக்கு.

மேலைக்காற்று, உங்கள் சேற்றுக்கு மருந்து கெயினைக் குறைப்பது. உயர் கெயின் ஆம்ப் மென்பொருளில் நீங்கள் இப்போது வைத்திருப்பதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்ததாகத் தோன்றும். இடம், வலம், பேஸ் மூன்றும் சேர்ந்ததும் நிறைந்துவிடும். கெயின் ஏற ஏற ஒலி அமுங்கித் தட்டையாகும், பிக்கின் முனை மறையும், அந்த முனைதான் கனம் என்று நாம் உணர்வது.

ஆம்புக்கு முன் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுதாக, டோன் நடுவில். அதன் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துத்தான் ஒலியைப் பெருக்குகிறது. தாழ்ந்த பி-யின் அடிப்பகுதி அளவாகப் போய் ஆம்பைத் தாக்குவதால் பாம் மியூட் குழையாமல் கட்டாக விழும். பிறகு வேண்டிய பேஸை ஆம்பிலேயே கூட்டிக்கொள்ளலாம். டிஸ்டார்ஷனுக்கு முன் வெட்டிப் பின் கூட்டுவது, இந்த வரிசையை மாற்றினால் பயன் இல்லை.

மிட் திருகை இறக்காதீர்கள். படுக்கையறையில் மிட்டைக் காலி செய்தால் பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் வந்ததும் கிதாரைத் தேட வேண்டியிருக்கும். ட்ரெமோலோ மெட்டுக்கு 800 ஹெர்ட்ஸ் முதல் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உயிர்.

பதிவு முறை. 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள். அது ஒரு திசையில் 2.7 மில்லிநொடி. 512 வைத்தால் 10.7, போய்வர இரட்டிப்பு, ட்ரெமோலோ கை தானாகவே முந்தப் பார்க்கும். கிதாரின் நேரடி ஒலியைச் சுத்தமாகப் பதியுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஆம்ப் ஒலியைப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

ரிதம் கிதாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடம், ஒன்றை முழு வலம். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் போட்டால் அகலம் வராது, நடுவில்தான் நிற்கும். நகலை 15 மில்லிநொடி தள்ளினால் அகலம் வந்த மாதிரி ஏமாற்றும், மோனோவில் (இரு பக்கத்தையும் ஒன்றாக்கி) கேட்டால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒலி தகர டப்பா மாதிரி ஆகும். இரண்டு உண்மையான வாசிப்புக்கு இடையே இயல்பாக வரும் சின்ன வேறுபாடுதான் அகலம். ஆனால் அது 30 மில்லிநொடியைத் தாண்டினால் பொத்தலாகத் தெரியும். பாம் மியூட் முடியும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், மௌனம் இரு பக்கமும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஆரம்பங்களை எல்லோரும் சரிபார்ப்பார்கள், முடிவுகளை மறந்துவிடுவார்கள்.

ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது): கிதாருக்கு 80 ஹெர்ட்ஸில் கீழ்வெட்டு, 10 கிலோஹெர்ட்ஸில் மேல்வெட்டு. தாழ்ந்த பி-யின் அடிச்சுரம் 61.7 ஆயிற்றே, அதை வெட்டலாமா என்று தோன்றும். வெட்டலாம். அந்த இடம் பேஸ் கிதாரின் வீடு, அதன் திறந்த பி 30.9 ஹெர்ட்ஸ். 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் தேனீ இரைச்சல் மாதிரி ஒன்று துருத்தும், குறுகலான ஒரு வெட்டால் 3, 4 டெசிபெல் எடுத்தால் போதும்.

பேஸ் நான்கு தந்தி என்றால் ஐந்து தந்தி செட்டின் தடித்த நான்கையும் போட்டு பி, ஈ, ஏ, டி. ஆறாவதுக்கு நாண்முறுக்கு சொன்ன நட் வேலை இங்கேயும் உண்டு, 130 தந்தி 105 காடியில் உட்காராது. 31 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கர் தராது, ஆகவே பேஸை இரண்டாகப் பிரித்து, 700 ஹெர்ட்ஸுக்கு மேலான பகுதிக்கு மட்டும் டிஸ்டார்ஷன் கொடுத்துக் கலவுங்கள். அடி தெளிவாகவே இருக்கும், சுரம் போனிலும் கேட்கும்.

அடித்தொண்டை பதில்:

குரல் பகுதி. குழுவின் பாடகர் யோஹான் ஹெக் பாணியில் முக்கியமானது ஆழம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சொல் புரிவதுதான் முக்கியம். உறுமலிலும் வரி கேட்கிறது, அதனால்தான் கதை நிற்கிறது.

ஒலி வர வேண்டிய இடம் உண்மைக் குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்கள். ஆழ்ந்து மூச்சிழுத்து, வயிற்றிலிருந்து காற்றை விட்டுச் சத்தமில்லாத பெருமூச்சாக "ஹா" என்று தொடங்குங்கள். அதே காற்றோட்டத்தில் தொண்டையை மெல்லச் செருமுவது போல ஒரு குறுகலைச் சேருங்கள், தாழ்ந்த உறுமல் வரும். பேச்சுக் குரலின் உரப்பே போதும், பெரிதாக்க வேண்டியது மைக்கின் வேலை. கத்தினால் உண்மைக் குரல்நாண்கள் மோதிக்கொண்டு வீங்கும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம். எரிச்சல், அரிப்பு, இருமல் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். மறுநாள் பேச்சுக் குரல் கம்மியிருந்தால் முறை தவறு, குரல் தெளியும்வரை உறுமவே கூடாது.

வார்த்தை தெரிய க, ட, ப போன்ற வல்லொலிகளைப் பல், உதடு, நாக்கால் வெட்டி எறியுங்கள், உறுமலை உயிரெழுத்துகளில் மட்டும் நீட்டுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் ஒலி பெட்டிக்குள் பேசுவது போல ஆகி, சொல் கலங்கும். பதிவில் பாப் ஃபில்ட்டர் வைத்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ஒரு பதிவு நடுவில், இன்னொன்று அதைவிட 8 டெசிபெல் தாழ்த்திப் பின்னால். இரண்டிலும் வல்லொலிகள் ஒன்றாக விழாவிட்டால் பின்னதில் அவற்றை வெட்டிவிடுங்கள்.

வடதிசை பதில்:

வரிகளின் புராணத்துக்கு வருகிறேன். தலைப்புப் பாட்டின் களம் ரக்னரோக், வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில் வரும் இறுதிப்போர். இடியின் கடவுள் தோர், மனிதர் உலகான மித்கார்தைச் சுற்றிக் கிடக்கும் யோர்முன்காந்த் பாம்பை எதிர்கொள்கிறார். ஆல்பத்தின் அட்டைப்படமும் இந்த மோதல்தான். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசோன் எழுதிவைத்தபடி தோர் பாம்பைக் கொன்றுவிடுகிறார், ஒன்பது அடி எடுத்து வைக்கிறார், அதன் நஞ்சால் விழுந்து இறக்கிறார்.

தலைப்பில் உள்ள ட்விலைட்டுக்கும் ஒரு கதை உண்டு. ரக்னரோக் என்ற சொல்லுக்குப் பொருள் ஏறக்குறைய தெய்வங்களின் ஊழ். ஸ்னோரி பயன்படுத்திய ரக்னரோக்கர் என்ற வடிவத்துக்குத் தெய்வங்களின் அந்தி என்று பொருள். அந்த அந்தியைத்தான் தலைப்பில் இடிக்கடவுள் ஒருவருக்கே கொடுத்திருக்கிறார்கள். ஊழ், அந்தி இரண்டு சொல்லும் தமிழில் கனமாக இருப்பதால் நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஐந்தாவது பாட்டு வார்யாக்ஸ் ஆஃப் மிக்லகார்த் புராணம் இல்லை, வரலாறு. மிக்லகார்த் என்பது கான்ஸ்டான்டிநோபிளுக்கு நார்ஸ்காரர்கள் வைத்த பெயர், பெருநகர் என்று பொருள். கீவின் விளாதிமிர் அனுப்பிய ஏறக்குறைய 6,000 வீரர்களைக் கொண்டு 988 வாக்கில் பேரரசர் இரண்டாம் பேசில் அமைத்த காவற்படைதான் வாரங்கியர் படை. ஹாகியா சோஃபியாவின் மாடக் கைப்பிடிச் சுவரில் ஹால்ஃப்தான் என்ற பெயர் ரூன் என்ற பழைய வடதேச எழுத்தில் கீறப்பட்டு இன்றும் இருக்கிறது. தும்பா இருக்கும் சோடர்மன்லாந்து வட்டாரத்திலேயே, கிரேக்க நாட்டுக்குப் போய் இறந்தவர்களுக்கு நிறுத்திய ரூன் கற்கள் உண்டு. இவர்கள் அந்தக் கதையைப் பாடுவது சொந்த மண்ணின் கதையைப் பாடுவதுதான்.

காணொளி எடுப்பீர்களானால் ஒன்று: கொம்பு வைத்த தலைக்கவசம் போடாதீர்கள். வைக்கிங் காலத்தது என்று கிடைத்தவற்றில் பேர்பெற்றது நோர்வேயின் யெர்முன்ட்பூவில் 1943-இல் கண்டெடுத்த கவசம். வட்டத் தலை, கண்ணைச் சுற்றி இரும்பு வளையம், கொம்பு கிடையாது. கொம்பு 19-ஆம் நூற்றாண்டு ஓபரா உடையிலிருந்து வந்தது.

மேலைக்காற்று:

நட்டை அராவியாயிற்று, டிங் போய்விட்டது. வில்லை எடுத்ததும் இன்டொனேஷன் பூஜ்யத்தில் நிற்கிறது. ஹார்மனியில் டி-க்கு எஃப்தான் வாசித்துக்கொண்டிருந்தேன், இருகுரல் சொன்னது அச்சு அசல். கடைசியாக ஒன்று: நடுவில் வரும் சோலோ ரூப்பே லாத்வாலா வாசித்தது என்று படித்தேன். அதை எந்தப் பக்கம் வைப்பது? ரிதம் இரண்டும் ஓரங்களில் இருக்கும்போது சோலோ தனியாகத் தொங்குவது போல இருக்கிறது.

அலைநீளம்:

ஆமாம், அப்போது சில்ட்ரன் ஆஃப் போடம் குழுவில் இருந்த லாத்வாலாதான். சோலோவை நடுவில் வையுங்கள். தொங்குவது போல இருப்பது உலர்ந்திருப்பதால். கால் சுர டிலேயை (எதிரொலி), பாட்டின் வேகத்துக்குப் பொருத்தி (60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் மில்லிநொடி), சோலோவைவிட 14 முதல் 16 டெசிபெல் தாழ்வாகச் சேருங்கள். டிலேயின் ஒலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். சோலோ ஓடும்போது ரிதம் கிதார் இரண்டிலும் 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் இறக்குங்கள், சோலோவை ஏற்ற வேண்டிய தேவையே வராது. பிறகு மோனோவுக்கு மாற்றி, ஒலியைப் பேச்சுச் சத்தத்துக்கும் கீழே குறைத்து ஒரு முறை கேளுங்கள். அந்த நிலையில் ஸ்நேரும் குரலும் சோலோவும் கேட்டு, ரிதம் கிதார் கீழே ஒரு பாய் விரித்தது மாதிரி இருந்தால் அளவு சரி. மோனோவில் ரிதம் பாதியாகக் குறைந்தால் இரண்டு பதிவில் ஒன்றின் ஃபேஸ் (ஒலி அலையின் மேல்கீழ்) தலைகீழாக இருக்கலாம், அந்தத் தடத்தின் ஃபேஸ் பொத்தானைத் தட்டிப் பாருங்கள்.